கடைக்கு உரிமம், காணிக்கு வழக்கு

கண்டாவளைப் பிரதேசத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்காக, சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்தில் தோன்றினேன். அவர் கொண்டுவந்த பையில் கடதாசிக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் புதுப்பித்த வியாபார உரிமம், வியாபாரப் பெயர்ப் பதிவு, மின்சாரப் பட்டியல்கள், சுகாதாரப் பரிசோதகர் வந்துபோன பதிவு என எல்லாமே அரசின் ஏதோ ஒரு கிளை கொடுத்தவை. "ஐயா, லைசென்ஸ் தந்தவை, கரண்ட் தந்தவை, வருசா வருசம் காசும் வாங்கினவை. இப்ப நான் அத்துமீறி இருக்கிறன் எண்டு எழுதியிருக்கினம்" என்றார்.

அந்த இடத்தில் அந்தக் கடை வந்ததற்குக் காரணம் உண்டு. போரில், 2009 சனவரியில் பரந்தனும் தருமபுரமும் வீழ்ந்தபோது சனம் கிழக்கே ஒதுங்கி, மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களுக்குப் போனது. மீளக்குடியமர்ந்து வந்தபோது வீடும் இல்லை, சந்தையும் இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேர்மிட் காணிகள் வீதியிலிருந்து உள்ளே இருந்தன. குடியிருக்கவும் பயிர் செய்யவுமே கொடுக்கப்பட்டவை அவை. அங்கே கடை போட்டால் வாங்க ஆள் வராது. பஸ்ஸுக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடத்தில்தான் தேத்தண்ணி விற்கும். கிளிநொச்சி மாவட்டத்துப் பிரதேச சபைகளுக்குத் தேர்தல் நடந்தது 2011 யூலையில். என் கட்சிக்காரர் தகரக் கொட்டில் போட்டது அதற்கு முன். கடைகள் எங்கே வரலாம், வீதிக்கு எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று ஊரைக் கூட்டிப் பேச அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்று இருக்கவில்லை.

பிறகு வீதி அகன்றது, போக்குவரத்துப் பெருகியது. கடை நிற்பது அரச காணி என்று கூறி, ஓர் அரச நிறுவனம் வெளியேறும் அறிவித்தல் கொடுத்தது. அரச காணிகளின் உடைமையை மீளப்பெறும் சட்டம், 1979 இன் 7 ஆம் இலக்கம், மிகச் சுருக்கமான பாதை ஒன்றை வகுக்கிறது. தகுதிவாய்ந்த அதிகாரி 30 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து அறிவித்தல் அனுப்புவார். வெளியேறாவிட்டால் சத்தியக்கூற்றுடன் நீதவானிடம் விண்ணப்பிப்பார். அழைக்கப்பட்டவர் அங்கே ஒன்றை மட்டுமே காட்டலாம்: சட்டப்படி அரசு கொடுத்த, இன்னும் வலுவிலுள்ள அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ தன்னிடம் உண்டு என்பது. காணி உண்மையில் அரசுடையதா என்று அதிகாரியிடம் சாட்சியம் கேட்க நீதவானுக்கே அதிகாரமில்லை. எத்தனை ஆண்டு இருந்தோம், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாற்று இடம் உண்டா என்ற கேள்விகள் எதற்கும் அங்கே இடம் கிடையாது.

வியாபார உரிமமும் அரச அதிகாரத்தின் கீழ் எழுத்தில் வந்ததுதானே என்று வாதிட்டேன். அது தோற்றது, தோற்கவேண்டிய வாதமும்தான். பிரதேச சபைகள் சட்டத்தின் கீழான உரிமம் தொழிலை ஒழுங்குபடுத்துவது. கடை சுத்தமாக நடக்கிறதா என்று பார்க்கும் சபைக்கு, அது நிற்கும் அரச காணியைக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. உரிமம் கொடுத்தவரும் சட்டப்படி நடந்தார், வெளியேறச் சொன்னவரும் சட்டப்படி நடந்தார். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவரிடம், இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாதவை என்று உரிமக் கட்டணம் வாங்கிய எந்த ஆண்டிலும் யாரும் சொல்லவில்லை. நீதவான் பொறுமையோடு கேட்டார். கட்டளையை மறுக்கச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை, அவகாசம் மட்டும் தந்தார்.

இத்தனைக்கும் அது அடிப்படையில் உடைமை வழக்கே அல்ல. வளர்ந்துவரும் ஒரு வீதியோர ஊரில் கடைத்தெரு எங்கே அமைய வேண்டும் என்ற திட்டமிடல் கேள்வி அது. இங்கிலாந்தில் ஊருக்கு வெளியே பேரங்காடி கட்ட விரும்புபவர், நகர மையத்தில் பொருத்தமான இடமில்லை என்று முதலில் காட்ட வேண்டும். அங்கே கடை எங்கே என்பதே வாதத்தின் பொருள். இந்தியாவின் 2014 ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. இடத்தைப் பரிந்துரைக்கும் நகர வியாபாரக் குழுவில் 40 வீதத்துக்குக் குறையாதோர் வியாபாரிகளாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே அது எவ்வளவு நடைமுறையில் உள்ளது என்பது வேறு விடயம். வெளியேற்றத்துக்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்று சட்டமாவது சொல்கிறது. நம்மிடம் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 முதல் உண்டு. ஆனால் ஒரு தேநீர்க்கடையின் வழக்கில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வீதிக்கு இடம் வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. வேகமாக வாகனம் ஓடும் வீதியின் விளிம்பில் கொதிகேத்தில் வைப்பது ஆபத்துத்தான். அந்த ஆபத்தைத் தீர்க்க உள்ளே தள்ளி ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கலாம் என்பதே என் வாதம். அதைக் கேட்கும் அதிகாரம் உள்ள இருக்கை அந்த மன்றில் இல்லை.

வெளியேற்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது. உரிமம் தந்து வளர்த்த நியாயமான எதிர்பார்ப்பை அரசு மீறலாமா என்ற வாதத்துக்கு உரிய இடம் எழுத்தாணை மனு. முன்னர் இத்தகைய வழக்குகளில் அதை மாகாண மேல் நீதிமன்றத்தில் முயன்று பார்த்தோம். 2013 இல் ஒரு தோட்டக் காணி வழக்கில், அரச காணி தொடர்பான வெளியேறும் அறிவித்தலை எழுத்தாணையால் பரிசீலிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இல்லை என உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் எழுத்தாணைக்கு வழி ஒன்றுதான், கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். பஸ் கட்டணம், சட்டத்தரணி கட்டணம், ஒவ்வொரு தவணைக்கும் மூடிக்கிடக்கும் கடையின் வருமானம் என்று கணக்குப் பார்த்தவர், "வேண்டாம் ஐயா" என்றார். என்னால் வற்புறுத்த முடியவில்லை.

தகரத்தையும் மரத்தையும் காப்பாற்ற, கடையை அவரே கழற்றினார். சந்தைக் கட்டடத்தில் கேட்டுப் பார்த்தார். அங்கே கடைகள் கேள்வி கோரி, முற்பணம் பெற்றே கொடுக்கப்படுபவை. அந்தத் தொகை அவரிடம் இல்லை.

இப்போது வீதியோரம் கடை போட எண்ணி வருவோரிடம், உரிமத்துக்கு முன்னரே பிரதேச செயலகத்தில் காணிக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். பிரதியில் திகதி முத்திரை வாங்கச் சொல்கிறேன். மறுத்தால், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தையும் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். கடை எங்கே நிற்கலாம் என்ற கேள்விக்கு அரசு பதில் எழுதவேண்டிய ஒரே தருணம் இன்று அதுதான்.