நாலாவது பாட்டும் அஞ்சாவது பாட்டும்

ஐரோப்பாவில் 'யூரோவிஷன்' என்றொரு பாட்டுப் போட்டி. 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரத்தில் ஏழே ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது. 1974-ல் 'ஆபா' குழுவை உலகத்துக்குக் காட்டிய மேடை அதுதான். அங்கே ஒரு நல்ல சட்டம்... சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. ஆனால் என்ன, சைப்ரஸ் கிரீஸுக்குப் போடும், கிரீஸ் சைப்ரஸுக்குப் போடும்!

'நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? அந்த மேடையில் நமக்கு இடமில்லை, சரி. ஆனால் 2002-ல் பி.பி.சி. உலக சேவை, தன் 70-வது ஆண்டு விழாவுக்காக உலகத்தின் 'டாப் டென்' பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு விழுந்தது. முதலிடம், அயர்லாந்தின் தேசபக்திப் பாட்டு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது..? நம்ம 'ராக்கம்மா கையத் தட்டு'! 1991-ல் 'தளபதி'க்காக வாலி எழுத, இளையராஜா இசையில் எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் பாடியது. 'குயீன்' குழுவின் 'போஹீமியன் ராப்சடி'க்கே பத்தாவது இடம்தான்.

வளைகுடாவில் வேலை பார்த்த எங்கள் மாமா ஒருவர் ராக்கம்மாவுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். புதுக்கடைக்காரர். காலையில் எழுந்தால் யேசுதாஸ் பாடிய மலையாளப் பாட்டுதான் முணுமுணுப்பார். "பின்னே ஏன் மாமா?" என்று கேட்டேன்.

"பாட்டு கேக்கது காதுக்கு மக்கா. ஓட்டு நம்ம ஆளுகளுக்குல்லா!"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக, 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்த ஊர் புதுக்கடை. கேட்டது கிடைக்க 1956 நவம்பர் 1 வரை ஆயிற்று. அதற்காக எங்கள் ஆட்கள் மலையாளப் பாட்டை வெறுத்துவிடவில்லை. டீக்கடை ரேடியோவில் திருவனந்தபுரமும் பாடியது, திருநெல்வேலியும் பாடியது. ரசனை வேறு, விலாசம் வேறு.

ராக்கம்மாவைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். அடுத்த வரியை யாரும் வாசித்த மாதிரி தெரியவில்லை. அஞ்சாவது இடத்திலும் தமிழ்ப் பாட்டுதான்... 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. பாடியவர் திருமலை சந்திரன். சினிமா இல்லை, ஸ்டார் இல்லை. ஈழத்துப் பாட்டு. அந்தத் தலைப்பை வாசித்ததும் எனக்குக் கண்ணில் வந்தது, மூட்டை முடிச்சோடு ரோட்டில் நடக்கிற சனம்தான்.

'ஓட்டை வைத்து நல்ல பாட்டு எது என்று சொல்ல முடியுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். முடியாதுதான். அது பாட்டுக்கு விழுந்த மார்க் இல்லை, ஆஜர் பட்டியல். ஊர் இருக்கிறவன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடலாம். ஊரை விட்டு வந்து லண்டனிலும் டொராண்டோவிலும் பனியில் நிற்கிறவன் என்ன சொல்வான்? ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, 'உள்ளேன் ஐயா' என்கிறான்.

இனி அந்தப் பட்டியல் உங்கள் கண்ணில் பட்டால், நாலோடு நிறுத்திவிடாதீர்கள்.