செஞ்சிக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாமா?

வில்லியனூர், பாகூர் பக்கம் ஏரி உண்டு, வயல் உண்டு. மலைதான் இல்லைனு ஃபீல் பண்றீங்களா? கேங்கோட திண்டிவனம் வழியா செஞ்சிக்குக் கிளம்புங்க! 1750-ல் பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாச்சு. ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கும். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம்தான் வழி. த்ரில்தான்!

ஆனா ஐப்பசி, கார்த்திகையில் போறவங்க உஷார்! காலையில் சுள்ளுனு வெயில், மதியம் இடி மின்னல்னு வானம் பல்டி அடிக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ, வழியில இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை! நனைஞ்ச படி வழுக்கும். மின்னலுக்கு மரத்தடி ஆகாது. இடிச் சத்தம் கேட்டா, 'இன்னும் பத்தே படிதான் மச்சி'ங்கிற ஃப்ரெண்டையும் இழுத்துக்கிட்டு இறங்கிடுங்க. கோட்டை எங்கேயும் ஓடிடாது!