தாயம் விழாத பகடை

டப்ளினில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் மாதங்களில், ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதைக்கூடக் கைப்பேசியில் பகடை உருட்டித்தான் முடிவு செய்கிறேன். ஒன்று விழுந்தால் உப்புமா, இரண்டு விழுந்தால் ரசம். திரையில் வெள்ளைப் பகடை புரண்டு நிற்கும். சத்தம் வேண்டுமானால் அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வேண்டிய சத்தம் அதில் இல்லை. திருநெல்வேலி வீட்டுத் தார்சாவில், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஆச்சி இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பாளே, அந்தக் கிணுகிணுப்பு. பிறகு கை விரிந்து, சிமெண்டுத் தரையில் கட்டைகள் கடகடவென்று ஓடி, சுவரில் முட்டி, அடங்கும் வரை யாரும் மூச்சு விடாத அந்த நேரம். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். கட்டை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டையாவது இருந்திருக்கும்.

இணையத்தில் இரண்டு பகடையை உருட்டினால் தாயம் விழவே விழாது. ஆறு பக்கப் பகடை இரண்டு சேர்ந்தால் குறைந்தது 2. ஒன்றுக்கு வழியே கிடையாது. பன்னிரண்டு விழும், ஆனால் அது ஆறும் ஆறும். எங்கள் பன்னிரண்டு, இரண்டு கட்டையும் புள்ளியில்லாத பக்கம் காட்டி விழுந்தால் வருவது. நாலு பக்கத்தில் ஒன்று வெறுமை, மற்றவை 1, 2, 3. பதினாறு விதமாக விழலாம். அதில் இரண்டே விதம் தாயம். அந்த இரண்டுக்காகக் காய் எதுவும் இறங்காமல் காத்துக் கிடப்போம். ஆச்சிக்குப் புளியங்கொட்டை, சித்திக்கு வளையல் துண்டு, எனக்கு விளக்குமாற்று ஈர்க்கு.

நேர்மைக்கு இங்கே குறைவில்லை. தற்செயல் எண் தரும் ராண்டம்.ஆர்க் தளம் இந்த ஊரில் பிறந்ததுதான். டிரினிட்டி கல்லூரியின் மாட்ஸ் ஹார் 1998-ல் தொடங்கியது. ரேடியோவில் நிலையம் எதுவும் அகப்படாத இடத்தில் இரைகிறதே, அந்த வளிமண்டல இரைச்சலிலிருந்து எண் எடுக்கிறார்கள். 0 முதல் 3 வரை இரண்டு எண் கேட்டால் கொடுத்துவிடும். ஒரு நாள் கேட்டேன். 0, 1 என்று வந்தது. தாயம்! அறையில் கூவ ஆளில்லை.

ஆச்சி கட்டையோடு பேசுவாள். "விழு தாயி, ஒரே ஒரு தாயம் போதும்" என்று கெஞ்சுவாள். விழாவிட்டால் அதே வாயால் வைவாள். கட்டையை உருட்டாமல் வைக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மதினி குற்றம் சொல்வாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒரு கட்டை இன்னொன்றின் மேல் சாய்ந்து நின்றுவிட்டால் போதும், ஆட்டம் நின்று வழக்கு தொடங்கிவிடும்.

"சாஞ்சு நிக்கு, செல்லாது."

"ஏட்டி, கை வைக்காத. விழுந்தது விழுந்ததுதான்."

திரையில் பகடை சாய்வதில்லை.

ஆச்சி போனாள். வீடும் கைமாறியது. கட்டைகள் அண்டா, குத்துப்போணியோடு எடைக்குப் போயிருக்கும் என்கிறாள் அம்மா. முனை மழுங்கி, பிடித்துப் பிடித்து வழவழப்பேறிய பித்தளை. என்ன எடை இருந்திருக்கப் போகிறது.

சென்னையில் இருக்கும் சித்தி மகளும் நானும் ஒரு செயலியில் ஆடிப் பார்த்தோம். காய் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வெட்டினால் வாணவேடிக்கை. நம் முறை வந்து கொஞ்சம் யோசித்தால் அதுவே உருட்டிவிடுகிறது. ஆச்சியோ, வெட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போவாள். போனவள் வருகிற வரைக்கும் ஆட்டம் அப்படியே கிடக்கும். வந்து உட்கார்ந்ததும், எந்தக் காயை நகர்த்தினீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள். நகர்த்தித்தான் இருப்போம்.