பன்னிரண்டு கட்டை, பதினாறு பெயர்

"அப்பா, கீபோர்டில் ஸ-விலிருந்து நி வரைக்கும் பன்னிரண்டு கட்டைதானே இருக்கு? ஸ்வரம் மட்டும் எப்படிப் பதினாறு?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கேட்டாள். எனக்கு இருப்பது வெறும் கேள்வி ஞானம். இருந்தாலும் அப்பாவாயிற்றே, தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? :-)

விஷயம் இதுதான். நாலு கட்டைகளுக்கு மட்டும் இரண்டிரண்டு பெயர். வழக்கமாக 'க' என்று பாடுகிற கட்டையை, அதற்கு மேலே இன்னொரு 'க' வந்தால் 'ரி' என்று கூப்பிடவேண்டும். இரண்டும் நெருங்கி நின்று உரசும். அந்த உரசல் உள்ள ராகங்களுக்குத்தான் விவாதி என்று பெயர். 72 மேளகர்த்தாவில் 40 இப்படிப்பட்டவை.

அவள் கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒலிநாடாவில் நான் அடிக்கடி போடும் ரசிகப்ரியா கீர்த்தனையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். 72-வது மேளம், விவாதி. இங்கே ஏலூரில் அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சர் தங்கமானவர். ஆனால் இதற்கு மட்டும், "தோஷமாணு சாரே, குட்டி பாடண்டா" என்று சொல்லிவிட்டார். விவாதி பாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய பெரிய வித்வான்களே ஒதுங்கிப் போன இடம் அது.

ஒதுங்காதவர் ஒருவர் இருந்தார். கோடீஸ்வர ஐயர். 1870-ல் பிறந்தவர், அழகர் குறவஞ்சி பாடிய கவிகுஞ்சர பாரதியின் மகள் வயிற்றுப் பேரன். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும் பூச்சி சீனிவாச ஐயங்காரிடமும் கற்றவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தியோகம். அந்த மனிதர் 72 மேளத்துக்கும் தனித்தனியாகக் கீர்த்தனை செய்தார், அத்தனையும் தமிழில்! ராகத்தின் பெயரும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். 'கந்த கானாமுதம்' என்று பெயர் வைத்தார். தமிழிசைச் சங்கம் வந்தது 1943-ல். இவர் 1938-லேயே போய்விட்டார்.

அதே பன்னிரண்டு கட்டையோடு அப்போது வியன்னாக்காரர் ஒருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆர்னால்ட் ஷோன்பெர்க், 1874-ல் பிறந்தவர். இளமையில் வங்கியில் குமாஸ்தா, பெரும்பாலும் தானாகவே இசை கற்றவர். 1920-களில் அவர் போட்ட விதி: பன்னிரண்டு ஸ்வரத்தையும் ஒரு வரிசையில் நிறுத்து, எல்லாம் ஒரு சுற்று வந்து முடியும்வரை எதையும் திரும்பத் தொடாதே. ஸட்ஜம் ராஜா, மற்றதெல்லாம் குடிமக்கள் என்ற ஏற்பாடே கிடையாது. நம்மவர் அப்படிச் செய்யவில்லை. ஸட்ஜத்தின் வாசலை விட்டு நகராமல், யாரும் போகாத அறைகளையும் சேர்த்து 72 அறையிலும் விளக்கேற்றிவிட்டு வந்தார்.

ஷோன்பெர்க் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த விதிக்கு முன்னாலேயே, 1913-ல் வியன்னாவில் அவர் நடத்திய கச்சேரி கைகலப்பில் முடிந்தது. 1933-ல் நாஜிகள் வந்ததும், யூதர் என்பதால் பெர்லினில் பார்த்த வேலை போயிற்று. அமெரிக்காவுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1951-ல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. கடைசிக் காலத்தில் ஒரு கடிதத்தில் அவர் சொன்ன ஆசை என்ன தெரியுமா? ஜனங்கள் தன் மெட்டுக்களைத் தெரிந்துகொண்டு விசிலடிக்கவேண்டும். அவ்வளவுதான்! விதியெல்லாம் போட்ட மனிதர் கேட்டது ஒரு விசில்.

கோடீஸ்வர ஐயருக்கு அந்த விசில் கிடைத்தது. எஸ். ராஜம் அடித்தார். சங்கீத மும்மூர்த்திகள் சேர்ந்திருக்கும் அந்தப் பிரபலமான படத்தை வரைந்தவரேதான். 72 கீர்த்தனையையும் பாடிப் பதிவு செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். 2010-ல் தொண்ணூறு வயதில் மறைந்தார். விவாதி பாடியவருக்குத் தொண்ணூறு வயது! டீச்சரிடம் இதைத்தான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். சிரித்துவிட்டு, "செரி, நோக்காம்" என்றார்.

இந்த வாரம் பாடம் ஆரம்பித்தாயிற்று. மகளின் நோட்டைப் புரட்டினேன். ரசிகப்ரியா பல்லவி அழகாக எழுதியிருக்கிறாள், மலையாள எழுத்தில்.

ஒரு நிமிஷம் ஒன்றும் பேச வரவில்லை. தமிழால் 72 மேளத்தையும் தாங்க முடியும் என்று காட்டியவரின் பாட்டு. அதை எழுதிக்கொள்ள என் மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. தப்பு டீச்சர் மேலும் இல்லை, பள்ளிக்கூடத்தின் மேலும் இல்லை. ஷிஃப்டு, ஓவர்டைம் என்று ஒன்பது வருஷத்தை ஓட்டியது நான்தான். தோஷம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நேற்று ராத்திரி பக்கத்தில் உட்காரவைத்து 'அ' எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே அந்தப் பல்லவியை முணுமுணுத்தாள். உரசுகிற அந்த இடம் இன்னும் சரியாக விழவில்லை. 'அ'வும்தான்.

பி.கு: வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் ஒருமுறை பிள்ளைகளின் பாட்டு நோட்டைத் திறந்து பாருங்கள்.