மாதம் முடிந்தால் மறையும் உரிமை

காலத்தின் அருமையைப் பேசாத அறநூல் தமிழில் இல்லை. வள்ளுவப் பெருந்தகை ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அரசியலில் வைத்து ஓதப்பட்டமையால் அவ்வறிவு வேந்தர்க்கு உரியதென நாம் கருதிவிடுகிறோம். ஆயின், காலம் தவறினால் இந்நாளில் கைப்பொருளை இழப்பவர் வேந்தர் அல்லர். மாதக் கடைசியில் வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நியாய விலைக் கடை வாசலில் நிற்கும் எளியவரே இழக்கின்றனர். நாளுக்குள் பெறாவிடின் மறைந்துபோகும் உரிமைகளைப் பற்றி, பழனி மலைத்தொடரில் வாழ்ந்த சில ஆண்டுகளில் யாம் கண்டறிந்தவற்றை மாணவச் செல்வங்களோடும் ஊர்ப் பெரியோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புள்ளியும் அதன் ஆயுளும்

முதற்கண், வாணிக உலகில் இம்முறை எவ்வாறு நடக்கிறது எனக் காண்போம். எம் உறவினர் மகன் ஒருவர் அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்தில் பணிபுரிகிறார். அம்மாநிலத்துச் சின்சினாட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட குரோகர் என்னும் மளிகை நிறுவனம், ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு புள்ளி வழங்குகிறது. 100 புள்ளிகள் சேர்ந்தால், பெட்ரோல் நிரப்பும்போது ஒரு கேலனுக்கு 10 சென்ட் குறைத்துக் கொடுக்கிறது. அரிசியும் பாலும் வாங்கியவர்க்கு எரிபொருளில் சலுகை! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஜூலை மாதத்தில் சேர்ந்த புள்ளிகளை ஆகஸ்டு 31ஆம் நாளுக்குள் செலவிட்டாக வேண்டும். செப்டம்பர் முதல் நாள் விடிந்தால் அவை இல்லை. நம் நாட்டிலும் எண்ணெய் நிறுவனங்களும் பல்பொருள் அங்காடிகளும் இத்தகைய புள்ளிகளை வழங்குகின்றன. அவற்றிற்கும் ஏதேனும் ஒரு காலவரையறை இருப்பதே பெரும்பாலும் வழக்கம்.

காலவரையறை ஏன்? வணிகவியல் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். வழங்கப்பட்டுச் செலவாகாத புள்ளி, நிறுவனத்தின் கணக்கேட்டில் வாடிக்கையாளர்க்குச் செலுத்த வேண்டிய கடப்பாடாக நிற்கிறது. நாள் கடந்தால் அக்கடப்பாடு நீங்கி வருவாயாகிறது. வாடிக்கையாளரின் மறதியும் அங்கே ஒரு வகையில் வரவுதான். எனவே புள்ளி சேர்ப்போர் செய்யத்தக்கவை மூன்று. ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கும் இறுதி நாளைப் படித்தல் வேண்டும். முன்னர்ச் சேர்ந்தவற்றை முன்னர்ச் செலவிடுதல் வேண்டும். புள்ளி போய்விடுமே என அஞ்சித் தேவையற்ற பொருளை வாங்காதிருத்தல் வேண்டும். பத்து ரூபாய்ப் புள்ளியைக் காக்க நூறு ரூபாய் செலவிடுவது சிக்கனம் ஆகாது.

இவையெல்லாம் மிச்சம் பற்றிய பேச்சு. புள்ளி போனால் ஒருவர் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் அதே நாட்காட்டி அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழையும்போது செய்தி வேறாகிறது.

மலையும் மாதமும்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் பூங்காவும் மூடுபனியுமே பலர்க்கும் நினைவில் எழும். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என விரியும் ஊர்களை மேல்மலை என்பர். பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்களைக் கீழ்மலை என்பர். மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. ஆனால் அங்கு உண்ணும் அரிசியின் பெரும்பகுதி கீழிருந்து லாரியில் மலையேறி வர வேண்டியதே.

தமிழ்நாட்டில் 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 1997இல் நடுவணரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும், நம் மாநிலம் பொது வழங்கலை அனைவர்க்கும் உரியதாகவே காத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2017 ஏப்ரல் முதல் பழைய அட்டைக்கு மாற்றாக மின்னணு அட்டை வந்தது. இவை பெருமைக்குரியவை. எனினும், மாதந்தோறும் அட்டைக்குரிய அளவு அந்த மாதத்திற்கே உரியது என்பது பொதுவிதி. வாங்காத அரிசி அடுத்த மாதக் கணக்கில் சேராது.

2017ஆம் ஆண்டு மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் யாம் ஆசிரியப் பணியாற்றியபோது, எம் அடுத்த வீட்டில் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்துவந்தார். பூண்டுக் காட்டில் களையெடுப்பதே அவர் தொழில். ஓராள் அட்டை, மாதம் 12 கிலோ அரிசி. அங்கிருந்த கடை வாரத்தில் சில நாள்களே திறக்கும் பகுதி நேரக் கடை. ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் அவர் முதல் வாரம் சென்றார். அரிசி வந்து சேரவில்லை. இரண்டாம் வாரம் கடை திறந்த நாளில் அவருக்குக் காட்டில் வேலை இருந்தது. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்றாம் வாரம் மழையால் எவரும் வெளியில் இறங்கவில்லை. மாதத்தின் இறுதி நாளில் வரிசையில் நின்றார். அவர் முறை வருமுன் இருட்டிவிட்டது. அடுத்த முறை கடை திறந்தபோது முந்தைய மாதக் கணக்கு முடிந்திருந்தது.

அன்று மாலை அவர் எம்மிடம் கேட்டார்: “ஏன் சார், அரிசி கடையிலதானே கிடக்கு? மாசம் போனா அரிசியும் போயிருமா?”

இவ்வினாவிற்கு விடை கூற எமக்குச் சிறிது நேரம் பிடித்தது. அரிசி எங்கும் போகவில்லை. விற்காத இருப்பு கடையின் கணக்கில் நின்று, அடுத்த ஒதுக்கீட்டில் கழிக்கப்படும். அரசுக்கு இழப்பில்லை, அரிசிக்கும் அழிவில்லை. அழிந்தது அவருடைய உரிமை ஒன்றே. அம்மாதம் அவர் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வெளிக்கடையில் அரிசி வாங்கினார். மறதியால் அவர் இழந்தாரல்லர், சோம்பலாலும் இழந்தாரல்லர். மழை, பாதை, கூலி ஆகிய மூன்றும் ஒருபுறம் இழுக்க, நாட்காட்டி மறுபுறம் இழுத்தது.

விதிக்கும் காரணம் உண்டு என்பதை மறுக்க இயலாது. மாதங்கணக்கில் உரிமை சேர்ந்து ஒரே நாளில் மூட்டைகள் வெளியேறினால், பதுக்கலுக்கும் கடத்தலுக்கும் வழி பிறக்கும். கடைக்கும் எவ்வளவு அனுப்புவதெனத் திட்டமிட முடியாது. ஆயினும் சமவெளிக்கு வகுத்த மாதம் மலைக்கும் அவ்வாறே பொருந்துமா? 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், மலைப்பாதைகளில் மரங்களை வீழ்த்தி, மண்ணைச் சரித்து, மின்சாரத்தையும் துண்டித்ததை யாம் நேரிற் கண்டோம். மாதத்திற்கு முப்பது நாள் என்பது நாட்காட்டியின் கணக்கு. பாதை திறந்திருந்த நாள்கள் எத்தனை என்பதே மலையின் கணக்கு.

நாள் என்பது மனிதர் இட்ட கோடு. வேண்டும்போது அதனைத் தள்ளி இடவும் இயலும். இதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024 மே மாதத்திற்குரிய துவரம் பருப்பும் பாமாயிலும் உரிய காலத்தில் கடைகளுக்கு வந்து சேராதபோது, அவற்றை ஜூன் மாதத்தில் பெற்றுக்கொள்ளலாம் என அரசு அறிவித்தது. பொருள் வரத் தாழ்ந்தமைக்குக் காட்டிய அந்தப் பரிவு, மக்கள் வரத் தாழ்ந்தமைக்கும் கிடைக்கலாகாதா? மலையூர்களுக்கேனும் ஒரு வாரக் கூடுதல் தவணை வேண்டுமெனக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது என்பது எம் கருத்து.

அடுப்பின் கணக்கு

அரிசிக்கு மாதம் எல்லை என்றால் எரிவாயுவிற்கு நிதியாண்டு எல்லை. 2012 செப்டம்பரில் மானிய விலை உருளைகள் ஆண்டுக்கு 6 என வரையறுக்கப்பட்டன. 2013இல் அவ்வெண் 9 ஆகவும், 2014இல் 12 ஆகவும் உயர்ந்தது. ஏப்ரல் முதல் மார்ச் வரை உள்ள அந்த எண்ணிக்கையில் வாங்காதவை அடுத்த ஆண்டில் சேர்வதில்லை. இன்று பெரும்பாலோர்க்கு மானியம் நின்றுவிட்டது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்களுக்கு, ஆண்டிற்கு இத்தனை உருளை என்ற வரையறைக்குட்பட்டு, 2023 அக்டோபர் முதல் உருளைக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. முழு விலையை முதலில் கட்டினால்தான் அம்மானியம் வரும். கையில் பணமில்லாதவர் உருளை எடுப்பதைத் தள்ளிப்போடுவார். மார்ச் முடிந்ததும் அவ்வாண்டின் மிச்ச உரிமை மறையும். குளிர் மிகுந்த மலையில், அவ்விழப்பைச் சுள்ளி விறகு சுமந்து ஈடுசெய்வோர் பெரும்பாலும் பெண்களே.

செய்யத்தக்கவை

இனி, இழவாமல் காக்கும் வழிகளைக் கூறுவோம். எல்லாப் பொருளும் வந்தபின் ஒரே நடையில் வாங்கலாம் எனக் காத்திருத்தல் கூடாது. வந்ததை மாத முற்பாதியில் வாங்கிவிட்டு, வராததை வந்தபின் பெறுதல் நன்று. வாங்காத பொருளுக்குப் பட்டியல் போட இசையலாகாது. அட்டையோடு பதிந்த கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படித்தறிய வேண்டும். கைப்பேசி எண் மாறியிருந்தால் அதனைத் திருத்திப் பதிந்துகொள்ள வேண்டும்.

2020 அக்டோபர் முதல், தமிழ்நாட்டு அட்டைதாரர் தம் ஊர்க் கடையில் மட்டுமன்றி வேறு கடைகளிலும் பொருள் பெற வழியுண்டு. வேலைக்காக வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கி வந்தவர், அரிசிக்காக மட்டும் மலையேற வேண்டுவதில்லை. மண்ணில் உழைத்து விரல் ரேகை தேய்ந்தவர்க்குக் கருவிழிப் பதிவு முறையும் வந்துள்ளது. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தமக்காக வேறொருவர் பொருள் பெற்றுவர அங்கீகாரச் சான்று பெறலாம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் நடைபெறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் இதற்கு விண்ணப்பிக்கலாம். முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லத்திற்கே பொருள் கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கப்பட்டது. குறை கூற 1967 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது.

இவ்வளவும் இருந்தும் அறியாதார்க்கு இவை இல்லாதனவே. எம் பள்ளி மாணவியர் மூவர், மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின் ஒரு சிறு பணியைத் தாமே மேற்கொண்டனர். கடை திறக்கும் நாளையும் வந்திறங்கிய பொருளையும் தேநீர்க் கடைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தனர். படிக்கத் தெரியாதவர் வீட்டுக்குச் சென்று வாயாற் சொன்னார்கள். தனியே வாழ்வோர் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, 20ஆம் நாளுக்குள் யார் வாங்கவில்லை எனக் கேட்டறிந்தனர். இதற்குப் பணம் தேவைப்படவில்லை. நாட்காட்டியைப் பிறர்க்காகப் பார்க்கும் மனமே தேவைப்பட்டது. எல்லா மாதமும் எல்லாரையும் அவர்களால் காக்க முடிந்ததென்று கூற மாட்டோம். ஆனால் அடுத்த பல மாதங்கள் அம்மூதாட்டியின் அரிசி தவறவில்லை.

கல்லூரி மாணவர்களே! தேர்வுக் கட்டணத்திற்கும் உதவித்தொகை விண்ணப்பத்திற்கும் இறுதி நாள் பார்த்துப் பழகிய கண்கள் உங்களுடையவை. உங்கள் தெருவில் எழுத்தறியாத ஒருவர்க்கும், நடக்கவியலாத ஒருவர்க்கும் அக்கண்களைச் சற்றே கடனாகக் கொடுங்கள். ஊர்ப் பெரியோர் பொதுமன்றங்களிலும் திருமண மண்டபங்களிலும் இச்செய்திகளைக் கரும்பலகையில் எழுதிவைக்கச் செய்யலாம். தானம் கொடுப்பது உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஒருவர்க்கு முன்னரே உரியதாகிவிட்ட ஒரு படி அரிசி, நாள் கடந்து அவர் கையினின்று நழுவாமல் காப்பதும் அதனினும் குறைந்த அறமன்று.