பழையதும் படப்பெட்டியும்

1858-ஆம் ஆண்டு லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அப்போது அவர் பணியிலிருந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களின் காலம் அது. ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும்; குறுக்கே நடந்து போகிறவர் சுவடின்றிக் கரைந்துவிடுவார், கல் மட்டும் நிற்கும். இன்று நம் கைபேசிகள் இமைப்பொழுதில் படமெடுக்கின்றன. ஆனாலும் தஞ்சைக்கு வருகிறவர்கள் அனேகமாக அந்தக் கல்லைத்தான் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அந்தக் கல்லே சோற்றைப் பற்றி நிறையப் பேசுகிறது என்பதுதான் வேடிக்கை. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு இராசராசன் ஆளுக்கொரு பங்கு ஒதுக்கினான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெரிய கோயில் கல்வெட்டுகளைப் புரட்டினால் பொன்னுக்கும் மணிக்கும் இணையாக நெற்கணக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த நெல் இன்று எப்படி உண்ணப்படுகிறது என்று பார்த்துவர வேண்டும், முடிந்தால் படமும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் மூவர் ஒரு தை மாதத்தில் கிளம்பினோம். திட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நகரப் பேருந்து, நாளுக்கு ஓர் ஊர், பசித்த இடத்தில் உணவு. அவசரப்படுவதில்லை என்று மட்டும் பேசிவைத்திருந்தோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலை அவசரத்துக்கு ஏற்றதுமல்ல. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி நின்றோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவது. ஆகவே தையில் ஆறுகள் மெலிந்துதான் இருக்கும். அதற்கு ஈடாக இருபுறமும் சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் பனி விலகும்போது அந்த மஞ்சளுக்கு இணையாக ஒரு நிறத்தை நாங்கள் கண்டதில்லை. எட்டரைக்கு அறுவடை இயந்திரம் வந்துவிடும். பிறகு புழுதிதான்.

உணவுகளில் சில படத்துக்கென்றே பிறந்தவை. திருவையாற்று அசோகா அப்படி. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யில் கிளறப்பட்டு, செம்மஞ்சளாய், இலைத்துண்டின்மேல் பளபளக்கும். எப்படி எடுத்தாலும் நன்றாகவே விழும். கும்பகோணம் கடப்பா நேர்மாறு. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் எல்லாம் சேர்ந்த வெளிறிய குழம்பு. படத்தில் பார்த்தால் எவருக்கும் ஆசை வராது. ஆனால் சூடான இட்டலிமேல் அதை ஊற்றிக்கொண்டவர் அப்புறம் சாம்பாரைத் திரும்பிப் பார்க்கமாட்டார். (சாம்பார் பிறந்ததே தஞ்சை மராட்டியர் அடுக்களையில்தான் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும்.)

எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டுமல்ல. அது மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஒரு சிற்றூரில் கிடைத்தது. எங்களில் ஒருவருக்கு அத்தை முறையாகும் அம்மையார் அங்கே தனியாக இருக்கிறார். இரண்டு மா நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தார். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் சிவப்பு நெல் அது. மணமகன் இளவட்டக்கல்லைத் தூக்க வலு தந்த அரிசி என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். முதல்நாள் இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடிவைத்திருந்தார். காலையில் அது இளஞ்சிவப்பாய் மலர்ந்து, மெல்லிய புளிப்பு மணத்தோடு இருந்தது. கொஞ்சம் மோர், கல்லுப்பு, சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய். முதலில் நீராகாரத்தைக் குடித்தோம். வெயிலில் அலைந்த உடம்பு அடங்கும் விதத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். படத்தில் கொண்டுவரலாம் என்று எண்ணி எங்களில் ஒருவர் கருவியை எடுத்தார்.

அத்தை சட்டென்று பானையை நகர்த்திவிட்டார். "ஐயையோ, இதையா தம்பி படம் புடிக்கிறது? வந்த புள்ளைங்களுக்குப் பழையதப் போட்டான்னு நாலு பேரு சொல்லவா?"

நாங்கள் கேட்டுத்தான் போட்டார் என்று சொல்லிப் பார்த்தோம். ஆசையாகத் தின்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு என்பது அவர் கட்சி. விடியற்காலையில் வயலில் இறங்குகிறவனுக்கும் கூலிக்கு வந்தவனுக்கும் உரியது பழையது. விருந்தாளிக்கு உரியது இலைச்சாப்பாடு. அந்த வேறுபாடு அவருக்குள் அறுபது ஆண்டுகளாக ஊறியிருக்கிறது. நோய்க்கு நல்லது என்றும் குடலுக்கு நல்லது என்றும் நகரத்துக்காரர்கள் இப்போது கண்டுபிடித்துச் சொல்வதாலேயே அது மாறிவிடாது. நட்சத்திர விடுதியொன்றில் இதையே சிறு சட்டியில் வைத்து விலை போட்டு விற்கிறார்கள் என்று சொன்னபோது அத்தை சிரித்தார்; நம்பவில்லை.

எங்களுக்குக் கொரியர்களின் நினைவு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு சென்னைப் பக்கம் கொரிய உணவகங்கள் வந்தன. பானையடியில் தீய்ந்து ஒட்டிய சோற்றுக்கு அவர்கள் நூருங்ஜி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது சுங்நியுங். நம் நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். ஊரே கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்கும் பஞ்சக்காலம் இருந்தது, ஏழைச்சோறு இருந்தது. ஆனால் புளித்த பானையைப் படமெடுக்க யாரும் அங்கே கூசுவதாகத் தெரியவில்லை.

இந்தக் கூச்சத்தால் வந்த நட்டம் பானையோடு நிற்கவில்லை, விதையையும் தொட்டது. வெள்ளை அரிசியே கௌரவம் என்றானபின் சிவப்பு நெல்லை யார் போடுவார்கள்? யானையையும் மறைக்குமளவு உயரும் என்று பெயர்பெற்ற காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார் எல்லாம் வயலைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், ஒப்பந்தம் அவ்வளவுதான். 174 பாரம்பரிய வகைகளை மீட்டுவிட்டு 2018 டிசம்பரில் மறைந்தார். அத்தையின் வயலில் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவும் அங்கிருந்து வந்த விதையின் வழித்தோன்றல்தான்.

படம் எடுக்காமல் எங்களை அனுப்ப அத்தைக்கு மனமில்லை. கடைத்தெருவுக்கு ஆளனுப்பி மெதுவடையும் கேசரியும் வரவழைத்தார். எவர்சில்வர் தட்டில் அடுக்கினார். வேறு புடவை உடுத்திக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். ஆறு படங்கள் எடுத்தோம். ஊர் திரும்பியதும் அவற்றுள் நல்லதாக ஒன்றை அச்சிட்டு அனுப்பினோம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். வடை நன்றாக விழுந்திருக்கிறதாம். அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, மூட்டை போட்டுத்தருகிறேன், வந்து எடுத்துப்போங்கள் என்றார்.