பாயிரமும் ஆய்வுச்சுருக்கமும்

ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து 1852ஆம் ஆண்டு 'தெசாரஸ்' என்னும் நூலை வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜேயை நம் நிகண்டு ஆசிரியர்களின் வரிசையில் வைத்தே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அவர் தொழிலால் மருத்துவர் என்பதும், இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக 1827 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் என்பதும் இலக்கிய வாசகர் அதிகம் கவனியாத செய்திகள். அச்சங்கத்தில் படிக்கப்பட்ட அறிவியல் கட்டுரைகளின் சுருக்கங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்வது அவருடைய கடமைகளுள் ஒன்றாக இருந்தது. 1800 முதலான முப்பது ஆண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்கள் 1832இல் தனித் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கின. பிறர் எழுதியதைச் சுருக்கிச் சுருக்கியே சொற்களின் எடையை அவர் அறிந்திருப்பாரோ என்று எண்ணிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மை அதற்கு இடம் தரவில்லை. சொற்பட்டியலை அவர் 1805இலேயே தொகுக்கத் தொடங்கிவிட்டார்.

நம்மைக் கவர்வது வேறொன்று. அன்றைய சுருக்கத்தைக் கட்டுரையாசிரியர் எழுதவில்லை. கட்டுரையைக் கேட்ட இன்னொருவர் எழுதினார். நன்னூலைக் கற்பித்து வரும் நமக்கு இவ்விடத்தில் பாயிரம் நினைவுக்கு வருவது இயல்பு. பாயிரம் செய்தற்கு உரியவராக நன்னூலார் சொல்வது நூலாசிரியனின் ஆசானை, உடன் கற்றவனை, மாணாக்கனை, தகுதியுடைய உரைகாரனை. தற்புகழ்ச்சிக்கு அஞ்சிய ஏற்பாடு அது.

இந்த அளவில் நின்றுவிட்டு, 'அறிவியலார் இன்று செய்வதை நம் முன்னோர் அன்றே சொன்னார்' என்று முடித்தால் கைதட்டல் கிடைக்கும். அவ்வாறு முடிக்க நமக்கு மனமில்லை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் எனச் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை எட்டு. இவ்வெட்டில் எந்த ஒன்றும் நூலாசிரியன் கண்ட முடிவு யாது என்று கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கத் தேவையுமில்லை. பாயிரம் கேட்டவன் நூலுக்குள் புகுவான் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆய்வுச்சுருக்கமோ, படிப்பவர் உள்ளே வரமாட்டார் என்ற எண்ணத்திலேயே எழுதப்பட வேண்டியது. நம் கல்லூரி வேதியியல் நண்பர் ஒருவர் காலையில் நாற்பது சுருக்கங்களைப் பார்த்து, இரண்டு கட்டுரைகளைத் திறப்பார். மீதி முப்பத்தெட்டுக்கும் அவரைப் பொறுத்தவரை சுருக்கமே கட்டுரை.

தமிழாய்வாளர்களாகிய நாம் சறுக்குவது இங்கேதான். கருத்தரங்குகளுக்கு வரும் சுருக்கங்களைப் படித்துத் தேரும் வேலை அவ்வப்போது நம்மிடம் வந்து சேர்கிறது. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தலைப்பில் உள்ள சொற்களைக் கலைத்து அடுக்கிய ஒரு தொடர். சங்ககாலம் தொட்டு இன்றுவரை என ஒரு தொடர். இறுதியில் 'இக்கட்டுரை ஆராய முற்படுகிறது'. நுதலிய பொருளும் பயனும் குறைவின்றி இருக்கும், கண்டது மட்டும் இராது. சுருக்கம் அனுப்பும் நாளில் கட்டுரையே எழுதப்பட்டிருப்பதில்லை என்பது ஊரறிந்த இரகசியம். பிறவாத பிள்ளைக்குச் சாதகம் கணித்த கதைதான்.

ஒளியைவிட விரைந்து நியூட்ரினோக்கள் சென்றதாக 2011இல் ஓர் அறிவிப்பு வந்து உலகைப் பரபரப்பாக்கியது. கருவியிணைப்பில் இருந்த கோளாறு அடுத்த ஆண்டு தெரியவந்தது. இடைப்பட்ட காலத்தில் மைக்கேல் பெர்ரியும் அவருடன் மூவரும் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, அவ்வேகத்தைக் குவாண்டம் அளவீட்டு முறை ஒன்றால் விளக்க முடியுமா என்ற கேள்வி. சுருக்கம் இரண்டே ஆங்கிலச் சொற்கள். அநேகமாக முடியாது என்பது பொருள்.

இயற்பியலில் இது இரசிக்கத்தக்க குறும்பு. மருத்துவத்தில் சுருக்கம் உயிரோடு தொடர்புடையது. இதழ்ச் சந்தா கட்ட இயலாத மருத்துவமனையில் இருப்பவருக்கு இணையத்தில் விலையின்றிக் கிடைப்பது பல வேளைகளில் சுருக்கம் மட்டுமே. நோக்கம், ஆய்வமைப்பு, நோயாளிகள், சிகிச்சை, முடிவுகள் என்று தலைப்பிட்டுப் பகுத்தெழுதும் முறையை அமெரிக்க உள்மருத்துவ இதழ் ஒன்று 1987இல் முன்வைத்தது. அதன் பின்னும் குறைகள் நீங்கவில்லை. ஆறு முன்னணி மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கட்டுரையோடு முரண்படும் தரவோ, கட்டுரையிலேயே இல்லாத தரவோ கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன.

எண் பிசகுவதைக் கவனக்குறைவு எனலாம். 2010இல் வந்த ஆய்வு காட்டியது அதனினும் கவலைக்குரியது. முதன்மையாக எதிர்பார்த்த பலனைப் புள்ளியியல் அளவில் நிறுவ இயலாமற்போன 72 மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் 42இல், சுருக்கத்தின் முடிவுப் பகுதி சிகிச்சைக்குச் சாதகமாகத் திரித்து எழுதப்பட்டிருந்தது. பொய் என்று சொல்லிவிட முடியாது. கிடைக்காததைப் பின்னுக்குத் தள்ளிக் கிடைத்த சிறு பலனை முன்னிறுத்தும் சொல்லடுக்கு. 2014இல் புற்றுநோய்க் கட்டுரைகளின் இத்தகைய சுருக்கங்களை அப்படியே சில மருத்துவர்களுக்கும், திரிபு நீக்கிச் சிலருக்கும் கொடுத்துப் பார்த்தபோது, திரித்தவற்றைப் படித்தவர்கள் அச்சிகிச்சை கூடுதல் பலன் தரும் என்றே மதிப்பிட்டார்கள். தன் நூலுக்குத் தானே பாயிரம் செய்யலாகாது என்ற நன்னூலாரின் அச்சத்துக்கு இங்கே பொருள் இருக்கிறது.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதக் கூசும் மனம் துறைதோறும் ஒன்றுதான் போலும். முனைவர் பட்ட மாணவி ஒருவர், கடலோரக் குப்பம் ஒன்றிலும் வேளாண் சிற்றூர் ஒன்றிலும் தாலாட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டிருந்தார். தொழில் வேறானால் பாட்டின் சொல்லும் வேறாகும் என்பது அவருடைய கருதுகோள். சுருக்கத்தில் 'ஒப்பிட்டு ஆராய முற்படுகிறது' என்றிருந்தது. என்னதான் கண்டீர்கள் அம்மா என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நினைச்சது கிடைக்கலைங்க ஐயா. கடலும் இல்ல, வயலும் இல்ல. ரெண்டு ஊருலயும் தாய்மாமன்தான் வர்றார்" என்றார்.

அதைத்தான் முதல் தொடராக எழுத வேண்டும் என்றோம். புறத்தேர்வாளர் தோற்றுப்போன ஆய்வு என்று நினைத்துவிடுவாரே என்று அஞ்சினார். தொழில் வேறுபாடு தாலாட்டின் சொற்களில் புலப்படவில்லை என்பதும் ஒரு முடிவுதான். மறைத்துவிட்டால், அடுத்து வரும் ஒருவர் இதே கருதுகோளோடு மூன்றாண்டு ஊர் ஊராக அலைவார் என்று விளக்கினோம். இரண்டு நாள் கழித்துத் திருத்திய சுருக்கத்தைக் கொண்டுவந்தார். தாய்மாமன் முதல் வரியிலேயே வந்திருந்தார். 'ஆராய முற்படுகிறது' கடைசி வரியில் அப்படியே இருந்தது.